நீங்கள் கேட்டவை: கப்பல் தேதியைப் பென்சிலால் குறியுங்கள்

சென்ற இதழில் ஊறுகாய் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கேம்பெல் பேயில் ஆறு வருடம் குப்பை கொட்டியவள் நான், அங்கே மழையில் கெட்டுப்போகாத ஊறுகாயே கிடையாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஊறுகாயை விட்டுவிட்டு எல்லாரும் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே வேலை கிடைத்தவர்கள், மகனை அனுப்பியவர்கள், அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள் என்று இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். ஆகவே இந்த முறை முழுக்கக் கடல்தான். மாமியார் கேள்விகள் அடுத்த இதழில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 1988 முதல் 2011 வரை அந்தமான் நிக்கோபாரில் அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் ஆறு வருடம் கிரேட் நிக்கோபார் தீவில், அந்தக் கேம்பெல் பேயில். இப்போது பாளையங்கோட்டை. பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் ஏறுவதில்லை.

*

நான் செவிலியர், வயது 29. கேம்பெல் பே சுகாதார நிலையத்தில் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஜூன் 30-க்குள் சேர வேண்டும். கணவர், மூன்று வயது மகன் இருவரும் உடன் வருகிறார்கள். சாமான்களோடு எல்லாரும் சென்னையில் கப்பல் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி, மறுநாள் அடுத்த கப்பலைப் பிடித்தால் ஆறு நாளில் போய்விடலாம் என்று கணவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஜூன் 22 கிளம்பினால் போதுமா?
— வாசகி, மன்னார்குடி

போதாது அம்மா. கணவரிடம் அந்தக் கணக்கை மடித்து வைக்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அதில் இருக்கிற 'மறுநாள்' என்கிற வார்த்தையில்தான் கோளாறு.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கப்பல் கிளம்பியபிறகு இரண்டரை நாளில் இருந்து மூன்று நாள். 'கிளம்பியபிறகு' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சரக்கு ஏறி முடியவில்லை, வானிலை சரியில்லை என்று துறைமுகத்திலேயே ஒரு நாள் போவதெல்லாம் அங்கே யாரும் பேசவே பேசாத விஷயம். இந்தக் கப்பல்கள் தினமும் ஓடுவதும் இல்லை, வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் பெரிது. அப்புறம் போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கேம்பெல் பேக்கு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல். நேரே போகிற கப்பல் என்றால் ஒன்றரை நாளுக்குள் போய்விடும். கார் நிக்கோபார், கச்சால், கமோர்ட்டா என்று ஒவ்வொரு தீவாக நின்று போகிற கப்பல் என்றால் இரண்டு, மூன்று நாள். அதுவும் தினமும் கிடையாது. நீங்கள் இறங்குகிற அன்று காலையில் அது போயிருந்தால் உங்கள் கணவரின் 'மறுநாள்' ஒரு வாரம் ஆகிவிடும்.

எனக்குப் பதினோரு நாள் ஆனது. 1988 ஜூன் மாதம், உங்களைப் போலவே புது உத்தரவு, உங்களைப் போலவே ஆறு நாள் கணக்கு. நாங்கள் இறங்கியபோது தெற்கே போகிற கப்பல் முந்தின நாள் மாலை போயிருந்தது. அடுத்தது பழுது பார்க்கப் போயிருந்தது. தெரிந்தவர் யாரும் இல்லை. தினமும் காலையில் நான்கு பேரிடம் விசாரிப்பது, மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருவது, லாட்ஜ் அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம் வைப்பது. கையில் இருந்த பணத்தில் பாதி அந்த அறைக்கே போனது. பதினோராவது நாள்தான், கப்பல் விவரமெல்லாம் 'டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகையில் வரும், வானொலியிலும் சொல்வார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் அவரிடம் கேட்கவில்லையே.

இப்போது உங்கள் விஷயம். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூன் 30 கடைசி என்றால், ஒரு கப்பலைத் தவறவிட்டாலும் அடுத்த கப்பலில் போய்ச் சேருகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படியென்றால் ஜூன் 10 வாக்கில் நீங்கள் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். ஜூன் என்பது தென்மேற்குப் பருவமழை அங்கே நன்றாகப் பிடித்துவிட்ட மாதம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் தட்டில் எண்ணெய் ஊற்றியது போல இருக்கும். அரசாங்கம் அப்போது உத்தரவு போடுவதில்லை, என்ன செய்ய.

இன்னொன்று. நீங்கள் மட்டும் முதலில் விமானத்தில் போங்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டில் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று இருந்தால் பதற வேண்டாம். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது, ஆட்டோக்காரருக்கும் அப்படித்தான். போனவுடன் உங்கள் துறையின் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய் "வந்துவிட்டேன்" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே கப்பல் கிடைக்காமல் தாமதமானால் அந்த ஒரு தாள்தான் உங்களுக்காகப் பேசும். கணவரும் மகனும் நீங்கள் வீடு பார்த்தபிறகு வரட்டும். மூன்று வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜெட்டி என்கிற கப்பல் துறை ஒவ்வொன்றாக அலைவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நைட் டியூட்டியே மேல்.

நிக்கோபார் தீவுகளுக்கு நினைத்தவர்கள் நினைத்தபடி போக முடியாது. 1956-ஆம் வருடத்துப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி அனுமதிச் சீட்டு வேண்டும். 'ட்ரைபல் பாஸ்' என்று கேட்டால்தான் எல்லாருக்கும் புரியும். உங்களுக்குப் பணி உத்தரவு இருக்கிறது. கணவர், மகன் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்கள். ஜெட்டியில் நின்றுகொண்டு "இவங்க ஸ்டாஃபோட ஃபேமிலி" என்று வாயால் சொல்லிப் பயனில்லை. இந்தச் சீட்டு கைக்கு வராமல் கப்பல் டிக்கெட்டுக்கு அவசரப்பட வேண்டாம்.

சென்னைக் கப்பல் நிற்பது ஹாடோ துறையில். தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பல்கள் பெரும்பாலும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும். ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால் தப்பான ஜெட்டியில் மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டால் அந்தத் தூரம் போதும், கப்பலை விடுவதற்கு. முதல் நாளே போய் எந்த ஜெட்டி, எத்தனை மணி என்று கேட்டு வந்துவிடுங்கள்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. அவசர நோயாளி ஒருவர் வந்தால் உங்கள் இருக்கை போய்விடும், அது நியாயமும்கூட. செவிலியருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கிடைத்தால் லாபம், அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நான் நன்றாக அடிபட்டேன்.

என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது, கல்யாணச் சீர். அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டால் என் பெயரையும் 'கேம்பெல் பே' என்றும் என் வீட்டுக்காரர் அழகாக எழுதினார். மூடியில் மட்டும். கப்பலின் அடித்தளத்தில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கும்போது மூடி யாருக்குத் தெரியும்? கார் நிக்கோபாரில் அந்த நாட்களில் கடல் கொந்தளித்தால் கப்பல் கரைக்குப் போகாது, தள்ளியே நிற்கும். சின்னப் படகுகள் வந்து பக்கத்தில் ஒட்டும். ஆள் இறங்குவதே ஒரு வித்தை. ஏணியின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே படகு ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும், இறங்கும். ஏறி உச்சியில் நிற்கிற அந்த ஒரு நொடியில் படகுக்காரர் "அபி! அபி!" என்று, 'இப்போது' என்பதை இந்தியில் கத்துவார். அப்போது காலை வைத்துவிட வேண்டும். யோசித்தால் படகு கீழே போய்விடும். ஒரு நிக்கோபாரி அம்மா, மடியில் கோழியைக் கட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்குவது போல இறங்கிப் போனார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் கச்சாலில் என் பெட்டியை வலையில் போட்டு இறக்கியதைப் பார்க்கவில்லை. அப்போது பங்கில், அதாவது கப்பலின் அடுக்குப் படுக்கையில், குப்புறப் படுத்திருந்தேன்.

கேம்பெல் பேயில் இறங்கிச் சாமானை எண்ணினால் ஒன்று குறைகிறது. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? இட்லிக் கொப்பரை, நான்கு புடவை, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் அத்தனையும். வேலையில் சேரப் போகிறவள், ஒரிஜினலைத் தகரப் பெட்டியில் வைத்துக் கப்பலின் வயிற்றுக்குள் போட்டிருக்கிறேன். கையெழுத்திட்ட நகல்களை வைத்துக்கொண்டு ஒரு புண்ணியவான் என்னைச் சேர்த்துக்கொண்டார். யார்மீதும் பழி சொல்ல மாட்டேன், மூடியில் மட்டும் எழுதியது நாங்கள்தான்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கப்பலில் பெட்டி வந்தது, கயிறு போட்டுக் கட்டி. கச்சாலில் ரப்பர்த் தோட்டம் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். பெட்டி அவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறது. உள்ளே நோட்டுத் தாளில் ஒரு கடிதம்: "பெட்டி நனைந்து விட்டபடியால் திறந்தோம், மன்னிக்கவும். கடதாசிகளைக் காய வைத்து வேறாக வைத்துள்ளோம்." சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் பிரித்து வைத்திருந்தார்கள். புடவைகள் துவைத்து மடித்திருந்தன. பெயர் எழுதவில்லை. காகிதத்துக்கு இலங்கைத் தமிழில் சொல்கிற 'கடதாசி' என்கிற வார்த்தையை வைத்துத்தான் யார் என்றே ஊகித்தேன்.

எனவே உங்கள் பெட்டியின் ஆறு பக்கமும் பெயர், ஊர், 744302 என்கிற பின்கோடு. சர்டிபிகேட், உத்தரவு, ட்ரைபல் பாஸ், ஆதார், பணம், மகனின் தடுப்பூசி அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தோளில். கழற்றவே கூடாது, கழிவறைக்குப் போனாலும்.

கட்டில், பீரோ, மிக்ஸி, கிரைண்டர் என்று லாரியில் ஏற்ற வேண்டாம். இரும்பு பீரோ இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும், தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அங்கே மாற்றலாகிப் போகிறவர்கள் கட்டில், பிரிட்ஜ், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். பதினைந்து நாள் பொறுத்தால் பாதி வீடு விலைக்கு வந்துவிடும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது குக்கரும் அதற்கு இரண்டு கேஸ்கட்டும், கொசுவலை, டார்ச், நல்ல குடை, ரப்பர் செருப்பு, காற்றுப் புகாத டப்பாக்கள், புளி, பெருங்காயம், பருப்பு. கப்பல் வராத வாரத்தில் உருளைக்கிழங்குகூடக் கடையில் இருக்காது, பருப்புதான் காப்பாற்றும். என் மாமியார் பன்னிரண்டு தேங்காய் கட்டிக் கொடுத்தார். நிக்கோபாருக்கு! சென்னையில் சுமை கூலி கொடுத்து ஏற்றி, போர்ட் பிளேரில் கூலி கொடுத்து இறக்கி, தென்னை மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம்.

வீடு கேட்கும்போது மேட்டில் கேளுங்கள். கடலோரமாகக் காற்றாட இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை, 2004 டிசம்பர் 26 கொண்டுபோய்விட்டது.

*

சென்னையிலிருந்து கப்பலில் அந்தமானுக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஆள் நான். மூன்று நாளை எப்படித் தாண்டுவது? கேபின் எடுப்பதா, பங்க் போதுமா?
— வாசகர், ஓட்டன்சத்திரம்

பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் சிலர் கப்பலில் ஜம்மென்று இருப்பார்கள். பஸ்ஸில் தூங்குகிறவர்கள் கப்பலில் சுருண்டுவிடுவார்கள். போய்த்தான் பார்க்க வேண்டும்.

பங்க் என்பது பெரிய கூடம், வரிசையாக அடுக்குப் படுக்கைகள், நூற்றுக்கணக்கில் ஆட்கள். செலவு குறைவு, பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. போர்வையும் விரிப்பும் கொண்டுபோங்கள். கரப்பான் பூச்சியோடு சமாதானமாகப் போய்விடுங்கள், அது நமக்கு முன்னால் டிக்கெட் எடுத்தது. கழிவறைதான் பிரச்சினை. முதல் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் விடியுமுன் நான்கு மணிக்கே போய்விட்டு வந்துவிடுவது உத்தமம். ஒற்றை ஆள் நீங்கள், பங்க் போதும். பெண்கள் குழந்தையோடு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கேபின் எடுக்கச் சொல்வேன்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தட்டு. முன்னும் பின்னும்தான் தூக்கித் தூக்கிப் போடும், மேலே போகப் போக ஆட்டம் கூடும். காசு கொடுத்து உச்சியில் கேபின் வாங்கி, ஊஞ்சலில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் நகர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பித்தபிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். ரஸ்க், பொரி, வறுத்த கடலை, ஒரு துண்டு இஞ்சி. போனைப் பார்க்காதீர்கள், மேல்தட்டுக்குப் போய்த் தொலைவில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டைக் கண்டால் தள்ளி உட்காருங்கள்.

நிக்கோபார் வரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லிட்டில் அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் நடுவே பத்து டிகிரி கால்வாய் என்று ஒரு கடல். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலம். பெயரில்தான் கால்வாய். அது வந்துவிட்டதைச் சொல்ல வரைபடம் வேண்டாம், டம்ளர் தானாக மேசையில் நடக்கும். சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

*

மகளுக்குக் கமோர்ட்டாவில் வேலை. வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னையும் கூப்பிடுகிறாள். எனக்கு 68 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கப்பலில் பிரிட்ஜ் இருக்குமா?
— வாசகி, தென்காசி

பிரிட்ஜை நம்பாதீர்கள். வாய் அகன்ற பிளாஸ்க், இல்லையென்றால் ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானை. உறைபனிக்கட்டியில் இன்சுலினை நேரே வைத்தால் கெட்டுவிடும். எந்த மருந்து எத்தனை நாள் வெளியில் தாங்கும் என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாத மருந்தைக் கையில் வையுங்கள், அதுவும் இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில். சாப்பாட்டு நேரம் கப்பலில் அவர்கள் வைத்ததுதான், நீங்கள் ஊசி போட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கூடாது. சாப்பாட்டைக் கையில் வாங்கியபிறகு ஊசி. பக்கத்தில் எப்போதும் பிஸ்கட், சர்க்கரை.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். இப்போதே போகாதீர்கள். மகள் முதல் ஆறு மாதம் தனியாக இருந்து பழகட்டும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் போர்ட் பிளேர்தான், அதற்கும் நடுவில் கடல். கடல் அமைதியாகிற பிப்ரவரியில் போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். "அம்மா என்னைத் தனியாக விட்டுவிட்டாள்" என்று அழுதால், 2020 ஆகஸ்டிலிருந்து சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கண்ணாடியிழைக் கேபிள் கமோர்ட்டாவையும் தொடுகிறது, வீடியோவில் பேசலாம் என்று சொல்லுங்கள். எங்கள் காலத்தில் அம்மாவின் கடிதமும் கப்பலில்தான் வரும். மழைக்காலத்தில் தீபாவளிக் கடிதம் பொங்கலுக்கு.

*

நீங்கள் ஏன் 'மெயின்லேண்ட்' என்றே எழுதுகிறீர்கள்? தமிழில் வார்த்தை இல்லையா?
— வாசகர், சென்னை

தீவுக்காரர்கள் மெயின்லேண்ட் என்கிற, கடலுக்கு இந்தப் பக்கத்து நம் நிலத்தைப் பெருநிலம் என்று சொல்லலாம், அழகாகத்தான் இருக்கிறது. ஃபீனிக்ஸ் பே கவுண்டரில் நின்று "பெருநிலத்துக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் நிற்கிறவர் உங்களைத் தாண்டி டிக்கெட் வாங்கிவிடுவார்.

*

மகன் லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் வேலை பார்க்கிறான். முதல் தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன் என்கிறான். தீபாவளிக்கு முந்தின நாள் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானம் போட்டுவிட்டான். ஹட் பேயிலிருந்து அன்று காலையே கப்பலில் வந்துவிடுவானாம். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது.
— வாசகர், காரைக்குடி

உங்கள் பயம் சரி. ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேர் கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். விமானம் பிற்பகலுக்குள் கிளம்பிவிடும் என்றால் முடிந்தது கதை.

தீவுக்குப் போகும்போது எல்லாரும் திட்டம் போடுவார்கள், திரும்பி வரும்போது போட மாட்டார்கள். வருவதுதான் கஷ்டம். போகும்போது தாமதமானால் மேலதிகாரி கோபிப்பார், அவருக்கும் கப்பல் தெரியும். வரும்போது தாமதமானால் விமான டிக்கெட் போகும், பண்டிகை போகும், அப்பா வாசலில் நிற்பார். தீபாவளி வருவதோ வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிற மாதங்களில். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். இதில் யாரிடமும் சண்டை போட முடியாது, போடவும் கூடாது.

மகனிடம் சொல்லுங்கள்: விமானத்துக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே போர்ட் பிளேருக்கு வந்துவிட வேண்டும். அந்த மூன்று நாளுக்கும் சேர்த்து லீவு கேட்க வேண்டும். லீவு கிடைக்காது என்றால் தீபாவளிக்கு வர வேண்டாம், மார்ச்சில் வரட்டும். நான் 23 வருடத்தில் நான்கு தீபாவளிதான் ஊரில் கொண்டாடினேன். மற்றதெல்லாம் அங்கேயே. கேம்பெல் பேயில் 1969-க்குப் பிறகு குடியமர்த்திய முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் உண்டு, பஞ்சாபிகள், மராட்டியர், நம் தமிழர்கள் எல்லாரும். ஒரு வீட்டில் லட்டு, அடுத்த வீட்டில் சக்லி, எங்கள் வீட்டில் அதிரசம். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துச் சுற்றி வருவோம். மகன் அங்கே பட்டினி கிடக்க மாட்டான். முறுக்கைச் செப்டம்பரிலேயே பார்சல் அனுப்பிவிடுங்கள், டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி.

*

அடுத்த மாதம் முதல்முறையாகச் சென்னை–போர்ட் பிளேர் கப்பலில் போகிறேன், பள்ளியில் வேலை. மூன்று நாள் நெட் இல்லாமல் கப்பலில் என்ன செய்வீர்கள் மேடம்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது.
— வாசகி, கோவை

முதல் நாள் பிடிக்கும். கரை மறைகிற வரைக்கும் எல்லாரும் போனைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். சிக்னல் போனதும் ஒரு மணி நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் யாராவது சீட்டுக்கட்டை எடுப்பார், யாராவது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார். பங்கில் புளியோதரை வாசனை வந்தால் பத்து பேர் சொந்தமாகிவிடுவார்கள். பழைய தீவுக்காரர்கள் அங்கேதான் அகப்படுவார்கள். எந்தக் கடையில் அரிசி நல்லது, எந்த அதிகாரி எப்படி, எங்கே வீடு காலியாகிறது எல்லாம் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். இந்தியிலும் கொஞ்சம் பேசிப் பழகுங்கள், தீவில் கடைத்தெரு மொழி அதுதான். எனக்குப் போர்ட் பிளேரில் பால் ஊற்றியவரை நான் கப்பலில்தான் பிடித்தேன்.

இரண்டாம் நாள் மதியம் ஓர் அமைதி வரும். சுற்றிலும் நான்கு பக்கமும் தண்ணீர் மட்டும். அப்போது கப்பலின் முன்புறம் ஓரமாக நின்று கீழே பாருங்கள். கப்பல் தண்ணீரைக் கிழிக்கிற இடத்திலிருந்து பறவை மீன்கள் கூட்டமாகச் சிதறிப் பறக்கும். கைப்பிடி அரிசியை வீசினது போல இருக்கும். சில நேரம் ஒன்றிரண்டு கப்பலின் மேல்தட்டில் வந்து விழும், சமையல்காரர் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் விடிகாலை சீக்கிரம் எழுந்துவிடுங்கள். அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும், நம் ஊர் நேரத்தை நம்பிப் படுத்திருந்தால் தீவு கண்ணில் படுவதைத் தவறவிடுவீர்கள். அதற்காக அலாரம் வையுங்கள், போனுக்கு அந்த ஒரு வேலையாவது இருக்கட்டும். இறங்கும்போது குடை கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால், பெட்டி கப்பலின் வயிற்றிலிருந்து வெளியே வருவதற்குள் நனைந்துவிடுவீர்கள்.